கேபிளைப் பார்க்காமல் பி.எல்.சி.யைக் கழற்றாதீர்கள்

மெஷின் நின்றுவிட்டது. அதை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான பி.எல்.சி.யில் லேப்டாப்பை மாட்டினால் 'கம்யூனிகேஷன் எரர்'. உடனே "சி.பி.யு. போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. இப்படிக் கழற்றிப் போட்டு நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நல்ல சி.பி.யு.க்கள். கோளாறு கேபிளில் இருக்கும், லேப்டாப்பின் யு.எஸ்.பி.யை சீரியல் போர்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரில் இருக்கும், இல்லையென்றால் செட்டிங்கில் இருக்கும்.

முதலில் லேப்டாப் பக்கம். யு.எஸ்.பி. கன்வெர்ட்டரை வேறு போர்ட்டில் செருகினாலே விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் போர்ட் எண் காம் 3 என்பது காம் 7 ஆகிவிடலாம். டிவைஸ் மேனேஜரில் எண்ணைப் பாருங்கள். அப்புறம், பி.எல்.சி.யைத் தொடாமல், கன்வெர்ட்டரின் 9 பின் முனையில் 2-ஐயும் 3-ஐயும் சின்ன ஒயரால் சேர்த்துவிட்டு டெர்மினல் மென்பொருளில் ஏதாவது தட்டுங்கள். தட்டியதை மென்பொருள் தானே காட்டும் லோக்கல் எக்கோவும், அனுப்புவதை நிறுத்தி வைக்கும் ஃப்ளோ கன்ட்ரோலும் அணைந்திருக்க வேண்டும். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் டிரைவரும் கன்வெர்ட்டரும் சரி. முடித்ததும் டெர்மினலை மூடிவிடுங்கள். ஒரு காம் போர்ட்டை இரண்டு மென்பொருள் ஒரே நேரத்தில் பிடிக்க விண்டோஸ் விடாது.

அடுத்து கேபிள். ஒரு கருவியை ஒரு கருவியோடு இணைக்கும் ஆர்.எஸ்.232 வகை சீரியல் இணைப்பு என்றால் மல்டிமீட்டரே போதும். கேபிளை பி.எல்.சி.யில் மட்டும் மாட்டி, லேப்டாப்புக்கு வரும் முனையில் பின் 5-ஐ கிரவுண்டாக வைத்து 2-ஐயும் 3-ஐயும் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது பி.எல்.சி. அனுப்பும் டிரான்ஸ்மிட் ஒயரில் மைனஸ் வோல்டேஜ் இருக்கும். பொதுவாக மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12 வோல்ட் வரை. அது பின் 2-இல் வந்தால் ஒயரிங் சரி. 3-இல் வந்தால் 2-ம் 3-ம் மாறிக் கிடக்கின்றன. இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால்தான் கேபிள் அறுந்ததா, பி.எல்.சி. போர்ட் போனதா என்ற கேள்வியே வருகிறது. இரண்டு நிமிட வேலை. பல பேர் இதைச் செய்வதே இல்லை.

ஒரே ஜோடி ஒயரில் பல கருவிகளை இணைக்கும் ஆர்.எஸ்.485 வேறு கதை. அந்த இரண்டு ஒயருக்கும் ஏ, பி என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகப் பெயர் வைத்திருக்கிறது. பதில் வரவில்லையா, இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் எரியாது. நீளமான லைன் என்றால் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் எங்கும் வேண்டாம்.

செட்டிங்கில் நம் ஆட்கள் டேட்டா போகும் வேகமான பாட் ரேட்டோடு நின்றுவிடுகிறார்கள். மிட்சுபிஷி எஃப்எக்ஸ் புரோகிராமிங் போர்ட்டுக்கு வழக்கமாக பாட் ரேட் 9600, 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்), 1 ஸ்டாப் பிட். மோட்பஸ் ஆர்.டி.யு. என்ற தகவல் முறை என்றால் 8 டேட்டா பிட். பாரிட்டி தப்பினால் ஒயரெல்லாம் சரியாக இருந்தும் பி.எல்.சி. வாய் திறக்காது.

பேனல் கட்டுபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. போர்ட் வகை, பாட் ரேட், பாரிட்டி, லைனில் அந்தக் கருவிக்குரிய ஸ்டேஷன் நம்பர், கேபிளில் எந்த பின் எந்தப் பின்னுக்குப் போகிறது, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டுப் போங்கள். மெஷினை வாங்குபவர்களும் அந்தத் தாள் இருந்தால்தான் கடைசித் தவணை என்று சொல்லலாம்.