இரண்டரை பேருக்கு ஒரு பாக்கெட்

அந்த அரை ஆள் யார் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். கைக்கு அடக்கமான பாக்கெட், உள்ளே 75 கிராம் தானிய நொறுக்குத் தீனி. பின்னால் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு எழுத்தில், ஒரு பரிமாறல், அதாவது ஒரு ஆள் ஒரு தடவை சாப்பிடும் அளவு, 30 கிராம், இந்தப் பாக்கெட்டில் 2.5 பரிமாறல்கள் என்று போட்டிருக்கிறான். அதாவது நானும் இன்னொருத்தரும் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதாக ஒரு அரை மனுஷனைத் தேடிப் பிடித்து மிச்சத்தைக் கொடுக்க வேண்டுமாம். இந்தச் சைஸ் பாக்கெட்டைப் பிரித்து, தராசில் 30 கிராம் நிறுத்து எடுத்துக்கொண்டு, வாயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்த பிறவி எதையும் நான் பார்த்ததில்லை. அச்சடித்தவனும் பார்த்திருக்க மாட்டான்.

அப்புறம் ஏன் அந்த 30? ஏனென்றால் 30 கிராமுக்குச் சர்க்கரை 8 கிராம்தான். பார்க்க எவ்வளவு அடக்க ஒடுக்கமாக இருக்கிறது! முழுப் பாக்கெட்டுக்குப் பெருக்கினால் 20 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம், ஆக ஐந்து டீஸ்பூன். சேர்க்கும் சர்க்கரையும், தேனிலும் பழச்சாற்றிலும் இருப்பதும் சேர்த்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவீதம் என்பது 25 கிராம். பஸ்ஸுக்காக நிற்கும்போது பசிக்குதே என்று கொறித்ததிலேயே 20 போய்விட்டது. இனிமேல்தான் காபி, இனிமேல்தான் ராத்திரிச் சாப்பாடு.

இதையெல்லாம் ஏற்றிக்கொண்டு எடை கூடினால் பேச்சு வாங்குவது யார்? நாம்தான். "வாயைக் கட்டத் தெரியலையே", "மனக்கட்டுப்பாடு வேணும்ப்பா", "நான்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்". கேட்காமலே அறிவுரை கொட்டும் ஆட்களுக்கு உலகத்தில் எங்கேயும் பஞ்சமில்லை. அதிலும் கொஞ்சம் விவரமான ஆசாமி ஒருத்தர் வருவார். "லேபிள் படிச்சு வாங்கணுங்க, அவ்வளவுதான் விஷயம்" என்பார். அவரைத்தான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கடையில் நின்றே படித்துத்தான் பார்ப்போமே, ஐயா. பளபளக்கும் வெள்ளிக் காகிதம், அதில் வெளிர் மஞ்சள் எழுத்து. செல்போன் கேமராவைத் திறந்து பெரிதாக்கினால் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. சாய்த்துப் பிடித்தால் நடுவரிகள் பாக்கெட்டை ஒட்டிய மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. விரலால் மடிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். காலாவதித் தேதிக்கான முத்திரையைக் குத்துகிறவனுக்கும் அத்தனை இடம் இருக்க, சர்க்கரை எண் மேல்தான் குத்தத் தோன்றுகிறது. பின்னால் தள்ளுவண்டியோடு ஒருவர் "கொஞ்சம் நகருங்க" என்று பெருமூச்சு விடுகிறார். முன்பக்கத்தில் மட்டும் 'நார்ச்சத்து நிறைந்தது' என்பதை எதிர்ச் சுவரிலிருந்தே படிக்கலாம்!

சரி, மடிப்பை விரித்தாயிற்று. சேர்மானப் பட்டியலில் எது அதிக எடையோ அதை முதலில் எழுத வேண்டும், அது விதி. முதலில் 'முழுத் தானியம்' என்று இருக்கிறது. பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்காராதீர்கள், கீழே போங்கள். சர்க்கரை. ரெண்டு வார்த்தை தள்ளி குளுக்கோஸ் சிரப். அதற்குக் கீழே இன்வெர்ட் சிரப். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், ஆரோக்கியத்துக்கென்று தேன். நாலும் ஒரே ஜாதி. கூட்டி ஒரே பெயரில் எழுதினால் தானியத்தைத் தள்ளிவிட்டு முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடும் என்பதால் துண்டு துண்டாக வெட்டிப் பட்டியல் முழுக்கத் தூவியிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனாவது ஒரே இடத்தில் மறைத்தான்.

இதிலும் கில்லாடி மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைத்துச் செய்கிற பொடி. நாக்கில் பெரிதாக இனிக்காது. ஆனால் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் குளுக்கோஸுக்கு இளைத்ததில்லை. ஆனாலும் அட்டவணையில் 'சர்க்கரைகள்' என்ற வரியில் இது பெரும்பாலும் வராது. மூலக்கூறு கொஞ்சம் நீளமாம், அதனால் மொத்த மாவுச்சத்தோடு போய்விடுமாம். உடம்புக்குத் தெரியாதா அந்த வித்தியாசம் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று?

'கொழுப்பு நீக்கியது' என்பது தனிக் கூத்து. கொழுப்பை எடுத்தால் ருசி போகும், போன ருசியைச் சர்க்கரையும் மாவும் போட்டு நிரப்புவார்கள். கொழுப்புதான் வில்லன் என்ற பயம் தானாக வந்ததுமில்லை. 1967-இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை, இதய நோய்க்கான பழியைச் சர்க்கரையை விட்டுக் கொழுப்பின் பக்கம் தள்ளியது. அதற்குச் சர்க்கரைத் தொழில் அமைப்பு ஒன்று காசு கொடுத்தது என்கிற ஆவணங்கள் வெளியே வந்தது 2016-இல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

பழச்சாறு ஆட்களையும் விட முடியாது. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது உண்மைதான், பொய்யில்லை. ஆனால் பிழிந்த சாற்றிலேயே ஒரு தம்ளருக்கு 20 கிராம் சர்வ சாதாரணமாக இருக்கும், நாரைக் குப்பையில் போட்டுவிட்டு அதை மட்டும் குடிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் தேனையும் பழச்சாற்றையும் சர்க்கரைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. பழத்தைக் கடித்துத் தின்றால் அந்தக் கணக்கில் வராது.

மனக்கட்டுப்பாட்டுக் கோஷ்டிக்கு ஒரு தகவல். 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரும் குழுவினரும் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். இரண்டு வாரம் ஆலையில் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒப்பாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம், தடையில்லை. ஆலை உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். மற்ற வாரங்களில் ஏறக்குறைய அதே அளவு இறங்கினார்கள். அதே ஆட்கள்! தட்டு மாறியதும் குணம் கெட்டுப்போய், மறுபடி தட்டு மாறியதும் திருந்திவிட்டார்களா?

சமைத்துச் சாப்பிடலாமே என்று சொல்ல வாயெடுப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சமைக்கலாம். வீட்டுக்கு வந்து சேரும் நேரம், கால் வலி, ஓய்ந்த மண்டை இதெல்லாம் உங்களுக்கு இல்லையென்றால் கொடுத்துவைத்தவர்கள். மீதிப் பேர் பாக்கெட்டைப் பிரிக்கத்தான் செய்வோம். பிரிக்கிற பொருளில் என்ன இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல் என்றுதான் கேட்கிறோம்.

சொல்ல முடியாத காரியமும் இல்லை. சிலி நாட்டில் 2016-இலிருந்து, சர்க்கரையோ உப்போ நிறைவுற்ற கொழுப்போ கலோரியோ வரம்பை மீறினால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை விழும். ஒன்று மீறினால் ஒன்று, நாலும் மீறினால் நாலு. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூட எண்ணிவிடும். முத்திரை விழுந்த பண்டத்தின் மேல் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மை போடவும் தடை. 2020-இல் மெக்சிகோவும் இதே வழிக்கு வந்தது. வேறு சில நாடுகளில் பண்டத்துக்கு மார்க் போட்டு, பாக்கெட்டின் மேல் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். கொஞ்சம் நார்ச்சத்தைத் தூவினால் சர்க்கரைக்கான மார்க் குறைப்பைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்கிற மாதிரிக் கணக்கு அது. எச்சரிக்கை கேட்டால் பரிசு கொடுக்கிறான்.

முத்திரை வந்ததும் சிலியில் என்ன ஆயிற்று தெரியுமா? பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் அதே பண்டத்தில் சர்க்கரையையும் உப்பையும் குறைத்துவிட்டன. கறுப்பு முத்திரை விழாமல் தப்பிக்க வேண்டுமே! ஆக, குறைக்க முடியும். செய்முறை கையில் இருக்கிறது, ஆலை இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். அப்படியிருக்க, கேட்க ஆளில்லாத இடங்களில் மட்டும் எங்கள் வயிற்றில் எதற்கடா பழைய அளவையே கொட்டுகிறீர்கள்?