ஸ்டெப்னியைக் கேட்டுவிட்டு டயர் வாங்குங்கள்

தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி, நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் டயரில் வந்து நிற்கும். எத்தனை இஞ்ச், எல்லாப் பாதைக்குமான ஏ.டி.யா சேற்றுக்கான எம்.டி.யா, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டாயிற்றா, ஸ்டியரிங்கைத் திருப்பினால் உரசுகிறதா என்று எல்லாம் கேட்பார்கள். ஐந்தாவது டயர், அதாவது ஸ்டெப்னி எங்கே என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் வண்டியின் பின்கதவு எந்த அளவு ஸ்டெப்னியைத் தாங்குமோ, நான்கு பக்கமும் அந்த அளவுக்குள் டயர் போடுங்கள். இதைச் சொன்னால் "இவன் பயந்தாங்கொள்ளி" என்பார்கள். பரவாயில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தாரின் மேல் மாடல்களில் வருவது 255/65 ஆர்18 (அகலம் மி.மீ.இல், பக்கச் சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் இஞ்சில்). விட்டம் சுமார் 789 மி.மீ., அதாவது 31 இஞ்ச். நம்மவர்கள் ஆசைப்படும் 'முப்பத்துமூணு' பெரும்பாலும் 285/70 ஆர்17. அது சுமார் 831 மி.மீ. நாலு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். சதவீதத்தில் அது ஐந்துக்கும் மேல். முரட்டு எம்.டி. டயராக வாங்கி ரிம்மோடு சேர்த்தால் ஒன்று 40 கிலோவைத் தொட்டுவிடும்.

கடையில் நாலு டயருக்குத்தான் விலை சொல்வார்கள். ஐந்தாவதைப் பற்றிக் கேட்டால், "பழைய டயரே இருக்கட்டும் சார், அவசரத்துக்குத்தானே" என்பார்கள். சாதாரணக் காரில் அந்தப் பேச்சு ஓரளவு செல்லும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் செல்லாது. ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் 831, மறுபக்கம் 789 என்றால் சின்னச் சக்கரம் எப்போதும் கூடுதலாகச் சுற்ற வேண்டும். இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல்; வளைவில் மட்டும் உழைக்க வேண்டிய அதன் பல்சக்கரங்கள் நேர் ரோட்டிலும் ஓயாமல் உழைக்கும். பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ்., வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.பி. எல்லாம் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டு முடிவெடுப்பவை; அவையும் குழம்பும். இந்த மூன்று வண்டியிலும் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் அந்த நிலையில் அளவு மாறிய டயரோடு ஓட்டினால் விசை போக வழியில்லாமல் விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கேறும்.

இதற்கு ஒரு வழி உண்டு, தெரிந்தவர்கள் செய்வார்கள். பின்டயர் போனால் முன்டயர் ஒன்றைக் கழற்றிப் பின்னால் மாட்டி, சின்ன ஸ்டெப்னியை முன்னால் போட்டுக்கொண்டு பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்சில் மெதுவாக வீடு வருவது. தார் ரோட்டில் நல்ல யோசனைதான். ஆனால் டயர் கிழிவது பெரும்பாலும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஏற 4எல் போட்டு ஏறிக்கொண்டிருக்கிற கல் சரிவில். அங்கே ஜாக்கி வைத்து ஒரு சக்கரம் மாற்றுவதே பெரும்பாடு, இரண்டு மாற்ற வேண்டும். சேறும் மணலுமாக இருந்தால் சக்கரம் வழுக்கி முறுக்கு தானாகக் கழன்றுவிடும், கொஞ்ச தூரம் தப்பிக்கலாம். காய்ந்த பாறையில் அதுவும் நடக்காது.

"டியூப்லெஸ்தானே, பஞ்சர் கிட் போதும்" என்பது அடுத்த வாதம். தரையைத் தொடும் ட்ரெட்டில் ஆணி ஏறினால் போதும்தான். டியூப்லெஸ் டயர், காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னியே வேண்டாம் என்று மத்திய அரசே 2020இல் விதியைத் தளர்த்தியது. ஆனால் மலையில் ஏற நாம் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குகிறோம். பக்கச் சுவர் பிதுங்கி நிற்கும், கூர்மையான கல் கிழிப்பது அந்த இடத்தைத்தான். அதற்கு எந்த கிட்டும் உதவாது.

சரி, அதே அளவில் ஐந்தாவதையும் வாங்கிவிட்டீர்கள். எங்கே மாட்டுவீர்கள்? பின்கதவின் கீல் ஒரு பக்கம் இருக்கிறது, ஸ்டெப்னி அதிலிருந்து தள்ளி வெளியே தொங்குகிறது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடப்பதும் கையை நீட்டிப் பிடித்து நடப்பதும் ஒன்றா? மேடுபள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அந்த 40 கிலோ பல மடங்காகக் கீலை இழுக்கும். முதலில் கடகட சத்தம் வரும், அப்புறம் கதவு இறங்கி லாக் சரியாக விழாது, கடைசியில் கீலைச் சுற்றித் தகடு விரியும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் பின்கதவு இப்படி விரிவது உலகறிந்த விஷயம். 2021இல் ஜீப் நிறுவனமே ராங்லர் ரூபிகானுக்கு 35 இஞ்ச் டயரோடு 'எக்ஸ்ட்ரீம் ரீகான்' பேக்கேஜ் கொடுத்தபோது, பின்கதவுக் கீலையும் பலப்படுத்தித்தான் கொடுத்தது. கம்பெனிக்காரனுக்கே அந்தக் கவலை இருந்திருக்கிறது.

இன்னொரு தொல்லை, அகலம். அகலமான டயரை மாட்டினால் ரிம் போல்ட்டில் உட்காரும் முன்பே டயர் கதவில் முட்டும். அதற்கு ஸ்பேஸர் வைப்பார்கள். வைத்தால் பாரம் இன்னும் வெளியே போகும், கீலுக்கு இன்னும் சுமை. மேலே இருக்கும் பிரேக் லைட்டை டயர் மறைக்கிறதா என்பதையும் இரவில் பின்னால் போய் நின்று பாருங்கள்.

கூரையில் வைக்கலாம் என்பவர்களிடம் ஒன்றே ஒன்று: அதைத் தனியாளாக மேலே ஏற்றி இறக்கிக் காட்டுங்கள். தாரின் கூரை அந்தப் பாரத்துக்கானதும் அல்ல, சாய்ந்த சரிவில் உச்சியில் 40 கிலோ இருப்பது நல்லதும் அல்ல. உள்ளே போட்டால் பின்சீட் போச்சு. கட்டாமல் விட்டால் சடன் பிரேக்கில் நம் தலைக்கு வரும்.

உருப்படியான தீர்வு, சேஸிஸில் பிடிக்கும் இரும்பு பம்பரும் அதில் தனியாகத் திறக்கும் கேரியரும்தான். கதவுக்குப் பாரமே இல்லை. ஆனால் அந்த இரும்பின் எடையும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் சேருகிறது, ஸ்பிரிங் இறங்கும், முன்பக்கம் லேசாகும். பால் பாக்கெட்டை எடுக்கக்கூட முதலில் கேரியர், பிறகு கதவு என்று இரண்டு முறை திறக்க வேண்டும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வண்டியைத் தயாரிப்பாளர் சொன்ன அளவிலிருந்து மாற்றக் கூடாது என்கின்றன. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வருடத்தில் முக்கால்வாசி நாள் அவினாசி ரோட்டில் ஓடி, எப்போதாவது காட்டுப் பாதைக்குப் போகிற என் மாதிரி ஆளுக்கு இவ்வளவும் எதற்கு? ஜிம்னிக்கு 215/75 ஆர்15 போடுகிறவர்களைப் பார்க்கிறேன்; ஒரிஜினலை விட ஒரு சென்டிமீட்டர்தான் உயரம். தாருக்கு ரிம் மாற்றி 265/70 ஆர்17 போட்டால் இரண்டு சதவீதத்துக்குள் நிற்கும். இதையும் டயர் கடையோடு விடாமல் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுழற்சியில் மாற்றினால் எல்லாம் ஒரே அளவில் தேயும், ஸ்டெப்னி மட்டும் வெயிலில் காய்ந்து கிழடாகாது. மாட்டிய பிறகு, கதவில் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பர் டயரை அழுத்திப் பிடிக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். "ஓட ஓட செட் ஆகிடும் சார்" என்பார்கள், ஆகாது.