புறக்கணிக்கலாம், ஆனால் என்ன கேட்டு?

ஒரு நிறுவனம் நம் பிள்ளையை இனம் பார்த்து ஒதுக்கினால், இனி அந்தக் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் பக்கம்தான் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்துவிட்டு "இவங்க சமாதானம் பேச வந்துட்டாங்க" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நடந்தது இதுதான். என் அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து முடித்தவள். சிங்கப்பூரில் பல கடைத்தொகுதிகளில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனையாளர் வேலைக்கு விண்ணப்பித்தாள். மாண்டரின், அதாவது சீன மொழி தெரிய வேண்டும் என்று விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்ததுமே அதுதான் முதல் கேள்வி. தெரியாது, ஆங்கிலமும் தமிழும் ஓரளவு மலாயும் பேசுவேன் என்றிருக்கிறாள். அவள் கொண்டுபோன சான்றிதழ் கோப்பை அந்த மேலாளர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க வாடிக்கையாளர்கள் வேற மாதிரி, நீ முன்னாடி நின்னா சரிப்படாது, பின்னால ஸ்டோர்ல வேணும்னா ஆள் எடுக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதே வேலை அவளோடு படித்த சீனத் தோழிக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணே போன் போட்டு, "எனக்கு மாண்டரின் எந்த லட்சணத்துல வரும்னு உனக்கே தெரியும், என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல" என்று வருத்தப்பட்டிருக்கிறாள். மொழிதான் தேவை என்ற சாக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

குடும்ப வாட்ஸ்அப் குழு கொதித்தது. மாமா அந்தக் கடையின் உறுப்பினர் அட்டையை வெட்டிப் படம் எடுத்துப் போட்டார். நம்மவர்கள் கூடும் தேக்காவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்வோம் என்றார்கள். எனக்கும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனால் நான் கேட்ட ஒரு கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை: அவர்கள் என்ன செய்தால் நாம் திரும்பப் போவோம்?

இதற்குப் பதில் இல்லாத புறக்கணிப்பு பத்து நாளில் ஆறிப்போகும். பள்ளி விடுமுறைக்குத் தள்ளுபடி போட்டதும் அதே குடும்பங்கள் அதே கடையில் வரிசையில் நிற்கும். அமெரிக்காவின் மாண்ட்கமரியில் 1955 டிசம்பரில் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கியவர்கள், என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள். ஓட்டுநர்கள் மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் ஏறியவர் முதலில் உட்கார வேண்டும், கறுப்பினத்தவர் வாழும் வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள் வேண்டும். 381 நாள் நடந்தே வேலைக்குப் போனவர்களும் உண்டு. அந்த நகரின் பேருந்துப் பயணிகளில் ஏறக்குறைய முக்கால்வாசி கறுப்பினத்தவர்தான். சிங்கப்பூரில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். நாம் மட்டும் போகாமல் இருந்தால் ஒரு பெரிய நிறுவனத்தின் கல்லாவில் அது தெரியவே தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதனால்தான் 2020இல் இங்கே டாங்ஸ் பேரங்காடியில் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அங்கே தற்காலிகக் கடை ஒன்றில் விற்பனைக்கு நின்ற பெண்ணைத் தலைத்துணியைக் கழற்றச் சொன்னார்கள். விஷயம் வெளியே வந்ததும் அன்றைய அதிபர் ஹலிமா யாக்கோப்பே பாகுபாட்டுக்கு இடமில்லை என்று பேசினார். எதை மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. அந்த ஒரு விதியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எடுத்தார்கள்.

2021இல் உணவு கொண்டுவந்து தரும் சொமேட்டோ நிறுவன விஷயத்தில் நம்மவர்கள் காட்டிய வேகமும் நினைவிருக்கும். இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் சேவை ஊழியர் சொல்லப்போய் தமிழ்நாடே பொங்கியது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் அமைப்பதாகச் சொன்னது. கூடவே அந்த ஊழியரை வேலையைவிட்டு நீக்கி, பிறகு திரும்பச் சேர்த்தது. அந்த நீக்கம்தான் எனக்கு உறுத்தியது. பயிற்சி கொடுக்காத நிறுவனம் தப்பித்துக்கொள்ள, வாடிக்கையாளருக்குப் பதில் சொன்ன பிள்ளை தலையில் பழி விழுகிறது. நாம் "அந்த மேலாளரைத் தூக்குங்கள்" என்று மட்டும் கேட்டால் இங்கேயும் அதுதான் நடக்கும். ஒருவர் போவார், ஆள் எடுக்கும் முறை அப்படியே இருக்கும்.

மச்சான் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். அந்தக் கடையில் பாதுகாவலராக நிற்பவர் நம்ம ஆள், பொருள் அடுக்குவது ஒரு மலாய் அம்மா, வியாபாரம் குறைந்தால் முதலில் அவர்கள் நேரத்தைத்தானே வெட்டுவார்கள் என்று. உண்மை. அதனால்தான் புறக்கணிப்புக்கு முடிவு இருக்க வேண்டும் என்கிறேன். அதனாலேயே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

கடைக்குப் போகாமல் இருப்பதைவிட வலிக்கக்கூடிய வழி ஒன்றும் இருக்கிறது, நம்மில் பலர் அதை எட்டிப்பார்ப்பதே இல்லை. நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி, அதாவது டாஃபெப், 2006இலிருந்து இருக்கிறது. அங்கே புகார் போய் விதிமீறல் உறுதியானால், வெளிநாட்டு ஊழியரை எடுக்கும் சலுகையை மனிதவள அமைச்சு நிறுத்தி வைக்கலாம். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் சில்லறை வணிகத்தில் அது சாதாரண அடி இல்லை. வேலையிட நியாயத்தன்மைச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனம், மொழித்திறன் இரண்டும் அதில் உண்டு. ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. வாடகை வீடு பார்க்கப் போய் "இந்தியர் வேண்டாம்" என்று கேட்டுவிட்டு வருகிறோமே, அதற்கு இந்தச் சட்டம் உதவாது, இது வேலையிடத்துக்கு மட்டும். சட்டம் எட்டாத இடத்தில்தான் நம் பணப்பைக்கு வேலை அதிகம்.

அக்கா மகள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், நேர்முகத் தேர்வு நடந்த தேதி, சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வைத்தாள். டாஃபெப்பிடம் கொடுத்தாகிவிட்டது. நிறுவனத்துக்கும் கடிதம் போயிருக்கிறது. அதில் கேட்டிருப்பது: வேலைக்கு மாண்டரின் உண்மையிலேயே தேவை என்றால் காரணத்தோடு விளம்பரத்தில் போடுங்கள், இல்லையென்றால் நேர்முகத் தேர்வில் கேட்காதீர்கள், எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், ஆள் எடுக்கும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கொடுத்ததை எழுத்தில் சொல்லுங்கள். அந்த வேலை இனி அவளுக்கு வேண்டாமாம்.

பதில் வரும்வரை எங்கள் வீட்டுக் காசு அங்கே போகாது. இந்த மூன்றையும் செய்தால் முதல் சனிக்கிழமையே போய் வாங்குவேன், மாமாவையும் புது அட்டை எடுக்கச் சொல்வேன். கடிதத்தில் கையெழுத்துப் போட அந்தச் சீனத் தோழி தானாகவே முன்வந்திருக்கிறாள், அதுவும் அங்கே வேலை பார்த்துக்கொண்டே. வேலை போய்விடுமே, யோசித்துக்கொள் என்று அக்கா மகள்தான் அவளைத் தடுத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் சீன, மலாய் நண்பர்களிடம் இதைக் காட்டுங்கள். நூற்றில் ஒன்பது பேரால் மட்டும் முடிகிற காரியம் இல்லை இது.