குறி உறைந்து நிற்கும்வரை காத்திருக்காதீர்கள்

விலங்கு, பறவை வடிவ உலோகத் தகடுகளை ரைஃபிளால் சுட்டு வீழ்த்தும் உலோக உருவ இலக்குப் போட்டியில், ஸ்கோப்பின் (துப்பாக்கி மேலுள்ள தொலைநோக்கியின்) குறுக்குக்கோடு, அதாவது குறி, அசையாமல் நின்ற பிறகே விசையை இழுக்க வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். புதியவர்களைக் கெடுக்கும் அறிவுரை இது, தயவுசெய்து நம்பாதீர்கள்.

மெக்சிகோவில் பிறந்த இந்த விளையாட்டில் 200 மீட்டரில் கோழி, 300-இல் பன்றி, 385-இல் வான்கோழி, 500-இல் செம்மறிக்கிடா. துப்பாக்கியைக் கையோடு இறுக்கிப் பிடிக்கும் வார்ப்பட்டையோ தாங்கலோ கிடையாது, நின்றே சுட வேண்டும். ஐந்து உருவங்களுக்கு இரண்டரை நிமிடம். அப்படி நிற்கும் எவருக்கும் குறி ஆடத்தான் செய்யும். உறையட்டும் என்று காத்திருந்தால் மூச்சு முட்டும், கண் களைக்கும், ஆட்டம் பெருகும். குறி இலக்கைக் கடக்கும் நொடியில் விசையைச் சட்டென்று பறிப்பது அதைவிட மோசம்.

செய்ய வேண்டியது வேறு. துப்பாக்கியை ஏந்தி, கண்ணை மூடி, ஒருமுறை மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி வான்கோழிக்கு இடப்புறம் நின்றால் துப்பாக்கியைக் கையால் இழுத்துத் திருப்பாதீர்கள். பாதத்தைச் சற்று நகர்த்துங்கள். ஆட்டம் இலக்குக்குள் சுருங்கும்போதே விசையின் அழுத்தம் சீராக ஏறிக்கொண்டிருக்க வேண்டும். வெடித்த பிறகும் ஒரு கணம் அப்படியே நில்லுங்கள். குறி எங்கே இருந்தபோது வெடித்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

கனமான துப்பாக்கி வாங்கினால் தீரும் என்பதும் சரியல்ல. அமெரிக்க விதிப்படி வேட்டை ரைஃபிள் பிரிவில் எடை வரம்பே 9 பவுண்டுதான். துப்பாக்கியின் குண்டறை காலி என்று இருமுறை பார்த்துவிட்டு, வீட்டுச் சுவரில் ஒரு கரும்புள்ளி ஒட்டி, தினமும் இருபது முறை வெறும் விசை இழுத்துப் பழகுங்கள்.