வடதுருவ அனல் சம்பாவைக் கருக்குமா?

"வடதுருவத்தில் ஒரே வாரத்தில் 50 டிகிரி வெப்பம் கூடிவிட்டது, அந்த அனல் டெல்டாவுக்கு வந்து சம்பாவைக் கருக்கும்" என்று மன்னார்குடி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

வெப்பம் அப்படிக் கூடுவதுண்டு, சரி. ஆனால் தரையில் அல்ல; சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 70 டிகிரி அளவில் இருக்கும். 50 கூடினாலும் உறைகுளிர்தான்! கீழிருந்து எழும் பெரிய காற்றலைகள் துருவச் சுழலை (குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி உயரத்தில் வீசும் பலத்த காற்றை) குலைக்க, காற்று கீழிறங்கி, அமுங்கிச் சூடாகிறது. 1952இல் பெர்லினில் ஜெர்மன் வானிலை அறிஞர் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் அளவீடுகளில் இதைக் கண்டறிந்தார். அப்புறம் சில வாரங்களில் ஐரோப்பாவில் பல சமயம் கடுங்குளிர்தான் வரும், அனல் அல்ல.

இதை நம்பி, பால் பிடிக்கும் பயிரை அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள்.