சத்தியம் செய்கிறேன் என்றவரையும் விடவில்லை

லண்டன் நாடாளுமன்றத்தின் அந்தப் பெரிய கடிகாரக் கோபுரத்தைப் படத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அதற்குள் சபையின் பேச்சைக் கேட்காதவர்களைப் பூட்டிவைக்க ஓர் அறை இருந்தது. 1880 ஜூன் 23 அன்று ராத்திரி அதில் இருந்தவர், நார்த்தாம்ப்டன் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.பி., சார்லஸ் பிராட்லா. "வெளியே போ" என்றார்கள், போகவில்லை. அதுதான் குற்றம்.

நம்மூர் பகுத்தறிவாளர்கள் பிராட்லாவைப் பற்றிப் பேசும்போது, "கடவுள் பெயரால் சத்தியம் செய்ய மாட்டேன் என்று கடைசிவரை நின்றார்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அது இல்லை. அவர் சத்தியம் செய்யத் தயாராகவே இருந்தார். செய்யவிடாமல் தடுத்தது சபை. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்த இடம்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம். பிராட்லா 1833இல் கிழக்கு லண்டனில் பிறந்தவர். அப்பா வக்கீல் குமாஸ்தா. பதினோரு வயதோடு படிப்பு நின்றது. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த பையன், நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே என்று பாதிரியாருக்குக் கடிதம் எழுதினான். பதில் வரவில்லை, "நாத்திகன்" என்ற பட்டம் வந்தது. பதினாறு வயதில் வீட்டை விட்டு வெளியேறினான். அப்புறம் பட்டாளம், வக்கீல் அலுவலகம், மேடை, பத்திரிகை. 1877இல் அன்னி பெசன்ட்டோடு சேர்ந்து கருத்தடை பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை மறுபதிப்புப் போட்டார். வழக்கு, ஆறு மாதத் தண்டனை. மேல்முறையீட்டில் தப்பினார்கள். வழக்கின் புண்ணியத்தில் புத்தகம் சில மாதங்களிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது.

நார்த்தாம்ப்டன் செருப்புத் தைக்கிறவர்களின் ஊர். 1868இலிருந்து அங்கே நின்று நின்று தோற்று, 1880இல்தான் ஜெயித்தார். நீதிமன்றத்தில் மத நம்பிக்கை இல்லாதவர்கள் உறுதிமொழி சொன்னால் போதும் என்று சட்டம் இருந்தது. எம்.பி.யாக உட்காரக் கடவுள் பெயரால் எடுக்க வேண்டிய பிரமாணத்துக்குப் பதிலாக அதையே சபையிலும் சொல்கிறேன் என்று கேட்டார். ஒரு கமிட்டி போட்டார்கள். சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் ஓட்டால் "முடியாது" என்று முடிவானது. சரி, வழக்கமான பிரமாணத்தையே எடுக்கிறேன் என்றார். எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், அந்த வார்த்தைகளில் சில எனக்கு அர்த்தமற்றவை என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார்! அந்த ஒரு கடிதம் எதிராளிகளுக்கு அல்வா மாதிரி கிடைத்தது. நம்பாதவன் சத்தியம் செய்தால் அது செல்லாது என்று ஆரம்பித்தார்கள். ராண்டால்ஃப் சர்ச்சில் (வின்ஸ்டனின் அப்பா) பிராட்லா அரச குடும்பத்தைத் தாக்கி எழுதிய பிரசுரத்தைச் சபையில் வாசித்துக் காட்டி, தரையில் வீசி, காலால் மிதித்தார். பிரச்சினை கடவுள் மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் வருகிறது.

அதன் பிறகு ஆறு வருடக் கூத்து. 1881 ஆகஸ்ட் 3 அன்று உள்ளே நுழையப் போனவரைச் சபை ஊழியர்களும் போலீஸ்காரர்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போய் முற்றத்தில் தள்ளினார்கள். ஆள் நல்ல ஆகிருதி, லேசில் அசைக்க முடியவில்லை. கோட்டு கிழிந்தது. மனுக்களோடு வந்திருந்த கூட்டம் பாய்ந்துவிடாமல் அடக்கி நிறுத்தியவர்களில் அன்னி பெசன்ட்டும் ஒருவர். அடுத்த பிப்ரவரியில் பிராட்லாவே விறுவிறுவென்று மேஜைக்கு நடந்துபோய், பையிலிருந்து ஒரு புதிய ஏற்பாட்டையும் பிரமாணம் எழுதிய தாளையும் எடுத்து, தனக்குத் தானே வாசித்து, கையெழுத்தும் போட்டுவிட்டார். சபை வாயடைத்துப் போனது. மறுநாள் பதவியைப் பறித்தது. ஊர் திரும்பவும் அவரையே அனுப்பியது. 1880க்கும் 1885க்கும் இடையில் ஐந்து முறை. செருப்புத் தைப்பவர்கள் எல்லோரும் நாத்திகர்களா என்ன? "எங்கள் ஆளை நீ யார் வேண்டாமென்று சொல்ல" என்ற ரோஷம்தான்.

1883இல் பிரதமர் கிளாட்ஸ்டன், தானே தீவிரமான கிறிஸ்தவர், இவருக்கு வழிவிட ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். மூன்று ஓட்டில் தோற்றது. 1886 ஜனவரியில் சபாநாயகர் ஆர்தர் பீல், யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிராட்லா சத்தியம் செய்தார். அவ்வளவுதான், முடிந்தது. 1888இல் விரும்பியவர்கள் உறுதிமொழி எடுக்கலாம் என்ற சட்டத்தை அவரே நிறைவேற்றினார். இங்கே பதவியேற்பில் "உளமார உறுதி கூறுகிறேன்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழிந்த கோட்டு ஞாபகம் வரும்.

கொள்கையைவிடத் தன்னை அனுப்பியவர்களின் இடத்தைப் பெரிதாக நினைத்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். குறையும் உண்டு. வேலை நேரத்தை எட்டு மணி என்று சட்டம் போட்டு நிர்ணயிப்பதை எதிர்த்தார். தொழிலாளர் ஓட்டில் ஜெயித்தவர் இதைச் செய்தது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

சென்னையில் 1880களில் 'தத்துவ விவேசினி' நடத்திய நாத்திகர்களுக்கு பிராட்லா லண்டனில் நடத்திய மதச்சார்பற்றோர் சங்கம்தான் முன்மாதிரி. அன்னி பெசன்ட் அடையாறுக்கு வந்தார், ஆனால் பிரம்மஞானியாக மாறிவிட்டு. பிராட்லாவே 1889 டிசம்பரில் பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். 'இந்தியாவின் எம்.பி.' என்று அவரைச் சொல்வார்கள்.

1891 ஜனவரி 27 அன்று, அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சபை முடிவு செய்தது. நினைவில்லாமல் படுத்திருந்தவருக்கு அது தெரியாது. 30ஆம் தேதி இறந்துபோனார். அடக்கத்தில் யாரும் பேசக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார். அப்படியே நடந்தது. கூட்டத்தில் 21 வயது சட்ட மாணவர் ஒருவரும் இருந்தார், பெயர் மோகன்தாஸ் காந்தி. திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர் பாதிரியார் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, "உம்முடைய கடவுள் எவ்வளவு பெரியவர், எங்கே இருக்கிறார்" என்கிற ரீதியில் மடக்கிக்கொண்டிருந்ததாகக் காந்தி பிறகு எழுதினார். பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவரின் அடக்கத்துக்கு வந்த ஆள்!