46 ஆண்டுகள் கழித்து வந்த ‘சக்தி’

இந்திய இசையையும் ஜாஸையும் இணைக்கும் ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தபோது நம் தொலைக்காட்சிகளில் இரண்டு நாள் அமர்க்களமாக இருந்தது. விருது வாங்கிய காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பாடகர் சங்கர் மகாதேவனும் கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷும் நம்மவர்கள் என்று பெருமைப்பட்டார்கள். ஆல்பத்திலிருந்து ஓர் உருப்படியையாவது முழுதாக ஒலிபரப்பியதாக மட்டும் எனக்கு நினைவில்லை. செய்தி ஓய்ந்து வெகுநாளாகிவிட்டது. அந்த எட்டு உருப்படிகளை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விருதைப் பற்றி இல்லாமல் இசையைப் பற்றி ஒரு பதிவு எழுத வேண்டுமென்று அப்போதே நினைத்தேன், இப்போதுதான் முடிந்தது.

அறியாதவர்களுக்காகச் சிறு முன்கதை. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்த ஜான் மெக்லாக்லின், ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்ற பெயரில் காது கிழியும் மின்கிதார் இசையால் உலகப் புகழ் பெற்றிருந்த காலத்திலேயே, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டிருந்தார். அங்கேதான் வயலின் கலைஞர் எல். சங்கரும் இருந்தார். இவர்களோடு தபலாவுக்கு ஜாகிர் உசேனும் கடத்துக்கு விக்கு விநாயகராமும் சேர்ந்ததே சக்தி. ராம்நாடு ராகவனின் மிருதங்கத்தோடு 1975 ஜூலையில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவான முதல் இசைத்தட்டில் மூன்றே உருப்படிகள். ஒன்று 18 நிமிடம், மற்றொன்று ஏறக்குறைய அரை மணி நேரம். பிறகு 1976லும் 1977லும் இரண்டு ஸ்டுடியோ தட்டுகள், அத்தோடு குழு கலைந்துவிட்டது. 1997க்குப் பிறகு ‘ரிமெம்பர் சக்தி’ என்று மறுபடி கூடியபோது மாண்டலின் ஸ்ரீநிவாஸும் செல்வகணேஷும் சங்கர் மகாதேவனும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் அப்போது வெளிவந்தவை எல்லாம் மேடைப் பதிவுகள். ஆகவே 2023 ஜூன் 30 அன்று வெளியான ‘திஸ் மொமென்ட்’ 46 ஆண்டுகளுக்குப் பின் வந்த ஸ்டுடியோ ஆல்பம். அப்போது மெக்லாக்லினுக்கு 81 வயது, ஜாகிர் உசேனுக்கு 72.

இவ்வளவு இடைவெளிக்குப் பிறகு வருகிற ஆல்பங்களை நான் சற்றுப் பயத்தோடுதான் அணுகுவேன். பெரும்பாலும் பழைய பெயரும் பழைய பாணியின் நகலும் இருக்கும், வேகம் மட்டும் ஒரு மாற்றுக் குறைந்திருக்கும். இங்கே அப்படி நடக்கவில்லை. எழுபதுகளின் சக்தியை மீட்டெடுக்கும் முயற்சியே இந்த ஆல்பத்தில் இல்லை என்பதுதான் இதன் முதல் தெளிவு. அன்று மெக்லாக்லின் வாசித்தது, ஆறு தந்திகளுக்குக் கீழே குறுக்கே, கூடவே அதிரும் ஏழு துணைத் தந்திகள் ஓடுகிற, கமகம் (ஸ்வரத்தை வளைத்து அசைப்பது) பிடிப்பதற்காக விரல் பதிக்கும் மெட்டுகளுக்கு இடையே மரம் குடையப்பட்ட பிரத்தியேகக் கிதார். இன்று அவர் கையில் இருப்பது மின்கிதார்; அதன் வழியே செயற்கை ஒலிகளும் வருகின்றன. அன்று பாடகர் இல்லை. இன்று சங்கர் மகாதேவனின் குரல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எல். சங்கர் இருந்த இடத்தில் கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலன் இருக்கிறார். அவர் முன்னவரைப் போல வாசிக்க முயலவே இல்லை, அது பெரிய நிம்மதி.

அப்படியானால் இது சக்திதான் என்று எதைக் கொண்டு சொல்வது? லயத்தை, அதாவது தாளக் கணக்கைக் கொண்டுதான் என்பது என் எண்ணம். இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி, பெருந்தொற்றுக் காலத்தில் அவரவர் தத்தம் ஊரில் இருந்தபடி தனித்தனியே பதிவு செய்து அனுப்பி ஒன்று சேர்த்தது. ஜாஸ் இசைக்கு இது ஏறக்குறைய விரோதமான முறை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அடுத்தவர் எடுக்கப்போகும் மூச்சை ஊகித்து வாசிப்பதுதான் அங்கே உயிர். இருந்தும் இந்தப் பதிவில் ஐந்து பேரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பதாகத்தான் காது நம்புகிறது. காரணம், எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

பள்ளி நாட்களில் ஆறு ஆண்டுகள் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்டவன் நான். முதலாண்டில் சொல்லிக் கொடுத்த ஒரு சின்னக் கணக்கு இன்னும் மறக்கவில்லை. ஆதி தாளம் ஒரு களையில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ என்பது 5. அதை மூன்று முறை சொன்னால் 15. ஆகவே 17 மாத்திரை கழிந்ததும் எடுத்தால், மூன்றாவது ‘தொம்’ முடிந்த மறு மாத்திரையில் சமம், அதாவது அடுத்த சுற்றின் தொடக்கம், வந்து நிற்கும். எடுக்கும் இடம் ஒரு மாத்திரை பிசகினாலும் வாத்தியார் தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் உயர்த்துவார். இந்தக் கணக்கின் பல மடங்கு சிக்கலான வடிவங்கள்தாம் சக்தியின் அடித்தளம். சென்னையில் ஒருவரும் மொனாகோவில் ஒருவரும் வெவ்வேறு மாதங்களில் வாசித்தாலும் கோர்வை (முடிப்புக் கணக்கு) ஒன்றே என்றால் சமத்தில் இருவரும் சந்தித்தே ஆக வேண்டும்.

தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலை இந்தக் குழு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். 1976ஆம் ஆண்டுத் தட்டின் முதல் உருப்படியே சொற்கட்டோடுதான் தொடங்கும். நம் சபாக்களில் கொன்னக்கோலுக்கு மேடையில் தனி இடம் கிடைப்பது அரிதாகிப்போன அதே ஆண்டுகளில், மெக்லாக்லினும் செல்வகணேஷும் சேர்ந்து அதை மேலைநாட்டுக் கலைஞர்களுக்குக் கற்பிக்க ஒரு பாடக் காணொளியே தயாரித்தார்கள். இன்று ஐரோப்பாவில் டிரம்ஸ் வாசிக்கும் இளைஞர்கள் ‘தகதிமி’ சொல்லிப் பழகுகிறார்கள் என்றால் அதில் இந்தக் குழுவின் பங்கு பெரிது. (இதை நான் பெருமையோடு சொல்கிறேனா வருத்தத்தோடு சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.)

இந்த ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பது செல்வகணேஷின் கஞ்சிராவைத்தான். கைக்குள் அடங்கும் ஒரு மரவளையம், ஒரு பக்கம் மட்டும் தோல், வளையத்தின் பிளவில் ஒரு ஜோடிக் காசு, அவ்வளவுதான் வாத்தியம். வாசிக்கும் முன் உள்பக்கம் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவுவார்கள். தோல் தளரத் தளர ஒலி கீழே இறங்கும். தாங்கிப் பிடித்திருக்கும் இடக்கை விரல்களால் தோலை அழுத்தும்போது அந்தக் கீழ்ஒலி ‘கும்’ என்று மேலேறி வளையும். நல்ல ஹெட்போனில் கேட்டால் இந்த வளைவு தபலாவின் இடப்பக்க ஒலியோடு உரசி விலகுவதைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கலாம். இது ஸ்டுடியோ தந்த வரம். மேடைப் பதிவுகளில் இந்த இரண்டும் ஒரே உறுமலாகக் கலந்துவிடும்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது, அதுவும் இதே வரத்தின் மறுபக்கம். 1975ஆம் ஆண்டுப் பதிவில் வயலினும் கிதாரும் ஒன்றையொன்று துரத்தும்போது, எட்டிப் பிடிக்க முடியாமல் ஒருவர் அரை நொடி தத்தளிப்பது கேட்கும். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கும் நெஞ்சு ஒருமுறை தவறும். ‘திஸ் மொமென்ட்’டில் யாரும் தத்தளிப்பதில்லை. சில இடங்களில் சங்கர் மகாதேவனின் குரலை அடுக்கடுக்காகச் சேர்த்திருக்கும் விதம் திரையிசையின் மெருகை நினைவூட்டுகிறது. கிதாரின் செயற்கை ஒலி பின்னணியில் மெத்தைபோல விரியும்போது கடத்தின் மண்வாசனை அமுங்கிப்போகிறது. ஓரிரு உருப்படிகளில் இந்த மெருகைக் குறைத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். ‘லாஸ் பால்மாஸ்’ இதற்கு விலக்கு. ஸ்பெயினின் பிளமெங்கோ கைத்தட்டலை நம் லயக்காரர்களோடு முட்டவிட்டிருக்கும் அந்த உருப்படியில் ஒரு தெருக்கூட்டத்தின் தாறுமாறான உற்சாகம் அப்படியே இருக்கிறது. பிளமெங்கோ கிதார் மேதை பாகோ டி லூசியாவோடு எத்தனையோ மேடைகளில் வாசித்த மெக்லாக்லினுக்கு அது வெளியூர்ச் சரக்கும் அல்ல.

2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்த பிறகு இந்த ஆல்பத்தைக் கேட்பது வேறு அனுபவமாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே இதற்குள் ஓர் இழப்பு இருந்தது. முதல் உருப்படியின் பெயர் ‘ஸ்ரீனிஸ் டிரீம்’. 2014இல் 45 வயதில் போய்விட்ட மாண்டலின் ஸ்ரீநிவாஸுக்கான நினைவு அது.

ஐந்தாவது உருப்படி ‘கிரிராஜ சுதா’, பங்காள ராகத்தில் தியாகராஜர் செய்த ‘கிரிராஜ ஸுதா தனய’ கீர்த்தனையின் பெயரைத் தாங்கி வருவது. 2001இல் வெளியான பம்பாய் மேடைப் பதிவிலும் இது உண்டு. சில இரவுகளில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பேன். பழைய பதிவில் குரல் விட்ட இடத்தை மாண்டலின் எடுத்துக்கொண்டு ஓடும். புதிய பதிவில் கணேஷின் வயலின் அருமையாகத்தான் வருகிறது. ஆனாலும் குரல் ஓய்கிற அந்த ஒரு கணத்தில் என் காது இன்னும் மாண்டலினுக்காகக் காத்திருக்கிறது.